வால் இல்லாத ஏழு துண்டுகள், கூடவே ஒரு .எக்ஸ்இ: திறக்கலாமா?

மல்லாரி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கோயில் திருவிழாக்களில் யாரோ ஒரு ரசிகர் கேசட்டில் பதிந்து வைத்த நாதசுரக் கச்சேரிகளைப் பற்றிப் பழைய மடற்குழு ஒன்றில் படித்தேன். அந்த மடலில் இருந்த இணைப்பு செத்துப் போயிருந்தது. தொகுப்பின் பெயரைப் போட்டுத் தேடியதில், ஒரு கோப்புப் பகிர்வுத் தளத்தில் வேறு யாரோ மறுபடி ஏற்றி வைத்திருப்பது தெரிந்தது. இரண்டு இரவு விழித்து இறக்கிவிட்டேன்.

வந்திருப்பவை ஏழு கோப்புகள். பெயர் என்று சொல்ல வெறும் எண் வரிசைதான். பெயருக்குப் பின்னால் வர வேண்டிய .ஜிப், .ரார் போன்ற வால் எதற்கும் இல்லை. சொடுக்கினால், எதைக் கொண்டு திறப்பது என்று விண்டோஸ் என்னையே கேட்கிறது. ஐந்து கோப்புகள் சரியாக 104,857,600 பைட். ஒன்று 71,303,168. இன்னொன்று 61,203,418. எட்டாவதாக ஒரு சிறிய கோப்பு, 1.8 எம்பி. அதற்கு நோட்பேட் படம் போட்டிருக்கிறது, பெயர் "கடவுச்சொல்". ஆனால் விவரம் பார்த்தால் அது .எக்ஸ்இ, அதாவது சொடுக்கினால் இயங்கும் நிரல். "கடவுச்சொல் வேண்டுவோர் இதை இயக்கவும்" என்று தளத்தில் எழுதியிருந்தார்கள்.

அதை இருமுறை சொடுக்காமல் இங்கே வந்து கேட்கிறேன் என்பது மட்டும்தான் என் சாமர்த்தியம். வயது 66. பொறுமையாகச் சொல்லுங்கள்.

சும்மா ஒருவன்

பெரிய கோப்பு ஒன்றின் பெயரோடு .ரார் சேர்த்துத் திறந்து பாருங்கள் ஐயா. அது இல்லையென்றால் .ஜிப். சுருக்கிய கோப்பைத் திறப்பதால் எதுவும் ஆகாது, உள்ளே இருப்பதை இயக்கினால்தான் வம்பு. இதற்குப் போய் இவ்வளவு பயமா?

தட்டச்சுக்காரி

ஐயா, அந்த .எக்ஸ்இயை மட்டும் தொடவே தொடாதீர்கள். பட்டவள் சொல்கிறேன்.

நான் விழா மலர்கள் வடிவமைப்பவள். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய ஒரு பழைய மலரைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த எழுத்துரு என்னிடம் இல்லை. தேடியதில் "பழைய தமிழ் எழுத்துருக்கள் முழுத் தொகுப்பு" என்று நான்கு துண்டுகளாக ஒன்று கிடைத்தது. முதல் துண்டு மட்டும் .எக்ஸ்இ. தானாகப் பிரித்துக்கொள்ளும் வகை என்று நினைத்தேன். அப்படி ஒரு வகை உண்மையிலேயே இருப்பதால் சந்தேகம் வரவில்லை. சொடுக்கினேன். பச்சைக் கோடு ஓடியது, எழுத்துருக்களும் வந்தன. நான் தேடியதே அதில் இருந்தது! அன்று மாலை வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் மின்னஞ்சலுக்குள் நுழைய முடியவில்லை. உலாவியில் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் அது அள்ளிக்கொண்டு போயிருந்தது. என் பெயரில் வாடிக்கையாளர்களுக்குக் கடன் கேட்டு மடல் போயிற்று. ஒருவர் பணமும் அனுப்பிவிட்டார். கேட்டது கிடைத்துவிட்டால் கூடவே என்ன வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

பதினாறடிமானம்

வாலை ஒட்டிப் பார்ப்பது, கழற்றிப் பார்ப்பது எல்லாம் குருட்டாம்போக்கு. வால் என்பது யாரோ எழுதி ஒட்டிய சீட்டு, எவரும் மாற்றலாம். கோப்புக்குள் முதல் சில பைட்டுகள் என்ன என்று பார்ப்பதுதான் முறை. கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்று இலவசமாகக் கிடைக்கும். அதில் கோப்பைத் திறப்பதால் எதுவும் இயங்காது. புத்தகத்தைப் பிரித்து எழுத்தை எண்ணுவது போலத்தான்.

முதல் வரியின் வலது பக்கம் எழுத்துகள் தெரியும். "பிகே" என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் ஜிப். 1989இல் அதை வெளியிட்ட ஃபில் காட்ஸின் முன்னெழுத்துகள் அவை. இன்றைய வேர்டு, எக்செல் கோப்புகளும் ஆண்ட்ராய்டு செயலிகளும் உள்ளுக்குள் ஜிப்தான், அவையும் "பிகே" என்றே தொடங்கும். "ரார்" என்று வந்து பக்கத்தில் ஆச்சரியக்குறி நின்றால் ரார், எண்களில் 52 61 72 21. "7இசட்" என்று தொடங்கினால் 7-ஜிப் என்ற இலவசச் சுருக்க நிரலின் சொந்த வடிவம். "எம்இசட்" என்று இருந்தால் வாலில் என்ன எழுதியிருந்தாலும் அது விண்டோசில் இயங்கும் நிரல். அதுவும் ஓர் ஆளின் முன்னெழுத்துதான், மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை, "ஃபைல்" என்ற கட்டளையே சொல்லிவிடும்.

பல துண்டு என்று வரும்போது இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ரார் தானே வெட்டிய துண்டுகள் என்றால் ஒவ்வொரு துண்டின் தலையிலும் 52 61 72 21 இருக்கும். .001, .002 என்று வெறுமனே கத்தியால் அறுத்த துண்டுகள் என்றால் முதல் துண்டில் மட்டும் அடையாளம் இருக்கும். மற்றவற்றில் தலையும் புரியாது, காலும் புரியாது. முதல் வகையை ஒட்டவே கூடாது, வரிசையாகப் பெயரிட்டு வைத்தால் போதும், நிரலே தேடிக்கொள்ளும். இரண்டாம் வகையை முனையோடு முனை ஒட்டினால்தான் ஆயிற்று. 7-ஜிப் அதையும் செய்யும்.

ஆகவே எட்டுக் கோப்புகளுக்கும் முதல் எட்டு பைட்டுகளைப் பார்த்து எழுதுங்கள். ஏழாவது பைட்டைக் கவனியுங்கள்: ராரில் 00 என்றால் பழைய வடிவம், 01 என்றால் 2013இல், ரார் கோப்புகளைக் கையாளும் விண்ரார் நிரலின் 5.0 பதிப்புடன் வந்தது.

மல்லாரி

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஏழு பெரிய கோப்புகளும் 52 61 72 21 என்றுதான் தொடங்குகின்றன. ஏழாவது பைட் எல்லாவற்றிலும் 01. நோட்பேட் படம் போட்டது மட்டும் "எம்இசட்".

அப்படியானால் இவை ஒட்டக் கூடாத வகை என்று எடுத்துக்கொள்ளலாமா? வரிசை எப்படித் தெரியும்? எண் வரிசைப் பெயர்களில் எது முன், எது பின் என்று ஒன்றும் புரியவில்லை.

பழைய பிளாப்பி

வரிசைக்கு வருவதற்கு முன் அளவைப் பாருங்கள். 104,857,600 என்பது துல்லியமாக 100 எம்பி (1024 கணக்கில்). வெட்டியவர் நூறு நூறாக வெட்டியிருக்கிறார். அப்படி வெட்டினால் கடைசித் துண்டு மட்டும்தான் குறையும். உங்களிடம் இரண்டு குறைந்திருக்கின்றன. 71,303,168ஐ 1,048,576ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியே இல்லாமல் 68 வரும். இயல்பான கடைசித் துண்டு இப்படி முழு எண்ணில் வந்து நிற்பது அரிது. பாதியில் அறுந்த இறக்கம் அது. மறுபடி இறக்குங்கள்.

இன்னொரு கணக்கு. ஆறு முழுத் துண்டு, ஒரு 61 சொச்சம் என்றால் மொத்தம் 690,349,018 பைட். எம்பி3யை 128 கிலோபிட் தரத்தில் வைத்தால் ஒரு நொடிக்கு 16,000 பைட். வகுத்தால் ஏறக்குறைய 12 மணி நேரம் வருகிறது. தளத்தில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருந்தார்கள்? 200 மணி நேரம் என்று இருந்தால் அப்போதே சந்தேகப்பட வேண்டும். எம்பி3 ஏற்கெனவே பிழிந்த கரும்பு, அதை மேலும் சுருக்கிச் சாறு எடுக்க முடியாது.

துண்டு போடும் பழக்கமே பிளாப்பி காலத்தில் வந்தது. ஒரு பிளாப்பியில் 1,474,560 பைட்தான் பிடிக்கும். சென்னை ரிச்சி தெருவில் பத்துப் பத்தாக வாங்கி, ஒரு நிரலை 17 பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கெட்டுப் போவது எப்போதும் பதினாறாவதாகத்தான் இருக்கும். மறுபடி பஸ் ஏறிப் போக வேண்டும். பிறகு 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வைக்க முடியாத ஃபேட்32 பென்டிரைவுக்காக வெட்டினார்கள். இப்போது பகிர்வுத் தளங்களின் அளவு வரம்புக்காக வெட்டுகிறார்கள்.

பதினாறடிமானம்

வரிசைக்கு: 7-ஜிப்பில் ஒவ்வொரு துண்டையும் வலது சொடுக்கில் திறந்து தகவலைப் பாருங்கள். வால் இல்லாவிட்டாலும் தலையைப் பார்த்து அது கண்டுகொள்ளும். எத்தனையாவது தொகுதி (துண்டு) என்ற எண் அங்கே தெரியும். அதன்படி கச்சேரி.பார்ட்1.ரார், கச்சேரி.பார்ட்2.ரார் என்று பெயர் வையுங்கள். அசல் கோப்புகளை அப்படியே விட்டுவிட்டு, நகலில் செய்யுங்கள்.

வேறு யாராவது பிற்காலத்தில் படிப்பார்கள் என்பதற்காக: .ரார், .ஆர்00, .ஆர்01 என்று இருக்கும் பழைய வரிசையில் முதல் துண்டு .ரார்தான், .ஆர்00 அல்ல. .இசட்01, .இசட்02, .ஜிப் என்று இருந்தால் .ஜிப் கடைசித் துண்டு, ஆனால் திறக்க வேண்டியது அதைத்தான். ஜிப்பில் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கும்.

சும்மா ஒருவன்

நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லையே. திறப்பதால் எதுவும் ஆகாது. .எக்ஸ்இயைத் தொடாமல் இருந்தால் போதாதா?

நிழற்குடை

மறுக்கிறேன் தம்பி. 2019 பிப்ரவரியில் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விண்ராரில் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். ஏஸ் என்ற பழைய சுருக்க வடிவத்தைப் பிரிக்கும் பகுதியில், 19 ஆண்டுகளுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தது அது. ஏஸ் கோப்புக்கு .ரார் என்று வால் ஒட்டிக் கொடுத்தால், விண்ரார் தலையைப் பார்த்து ஏஸ் என்று புரிந்துகொண்டு பிரிக்கும். பிரிக்கும்போது, நீங்கள் சொன்ன இடத்தில் வைக்காமல், கணினி தொடங்கும்போது தானே இயங்கும் ஸ்டார்ட்அப் உறைக்குள் (ஃபோல்டர்) ஒரு கோப்பைப் போட்டுவிட்டுப் போகும். நீங்கள் எதையும் இயக்க வேண்டியதே இல்லை, மறுநாள் கணினியைப் போட்டால் போதும். அந்தப் பகுதியின் மூல நிரல் விண்ரார்காரர்கள் கையிலேயே இல்லை. திருத்த வழியில்லாமல் 5.70இல் ஏஸ் ஆதரவையே தூக்கி எறிந்தார்கள்.

அதோடு முடிந்ததா? 2023இல் இன்னொன்று: உள்ளே இருக்கும் படத்தைச் சொடுக்கினால், அதே பெயரில் ஒளிந்திருக்கும் உறைக்குள் இருந்து நிரல் ஓடும். 6.23இல் அடைத்தார்கள். 2025இல் மறுபடி சொன்ன இடத்தை விட்டு வேறிடத்தில் கோப்பு வைக்கும் ஓட்டை. ஈசெட் நிறுவனத்தார் கண்டுபிடித்தபோது அதை ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஜூலை இறுதியில் 7.13 வந்தது. விண்ரார் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. நாற்பது நாள் சோதனைக் காலத்தை இருபது ஆண்டாக ஓட்டிக்கொண்டிருக்கும் நம்மில் எத்தனை பேர் பதிப்பு எண்ணைப் பார்த்திருக்கிறோம்?

சும்மா ஒருவன்

பார்த்தேன். 5.40. வாயை மூடிக்கொண்டு புதுப்பிக்கப் போகிறேன்.

நிழற்குடை

கோப்புகளைச் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளம் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்தச் சிறிய .எக்ஸ்இயை அங்கே ஏற்றுங்கள் ஐயா. 70க்கும் மேற்பட்ட வைரஸ் தடுப்பான்கள் பார்த்துச் சொல்லும். ஏழு துண்டுகளையும் தனித்தனியாக ஏற்றி, ஏழிலும் "ஒன்றுமில்லை" என்று வந்தால் மகிழ வேண்டாம். ஒரு பாட்டு மூன்றாம் துண்டில் தொடங்கி நான்காவதில் முடியலாம். தீங்கான கோப்பும் அப்படியே. அப்படிப் பரவிக் கிடக்கும் கோப்பை ஒற்றைத் துண்டை மட்டும் பார்த்து எந்தத் தடுப்பானாலும் முழுதாகப் படிக்க முடியாது. கடவுச்சொல் போட்டுப் பூட்டியதும் அப்படித்தான், அதனாலேயே பூட்டி அனுப்புகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. குடும்பப் படம், அலுவலக ஆவணம் இருக்கும் கோப்பை அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றியதைக் கட்டணச் சந்தாதாரர்கள் இறக்கிப் பார்க்கலாம். அப்படிப்பட்டவற்றுக்கு ஷா-256 என்ற கைரேகையை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) கணக்கிட்டு அந்த எண்ணை மட்டும் தேடுங்கள். கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது.

பழைய பிளாப்பி

பிரிப்பதை எங்கே செய்வது? சந்தேகக் கோப்பைத் தனியாக அடைத்து வைத்துப் பார்க்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்பார்கள், ஆனால் ஹோம் பதிப்பில் அது கிடையாது. ஐயாவிடம் பெரும்பாலும் ஹோம் பதிப்புதான் இருக்கும்.

தட்டச்சுக்காரி

நான் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு பழைய மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். அதில் எந்தக் கணக்கிலும் நுழைந்ததில்லை, ஒரு கடவுச்சொல்லும் கிடையாது. சந்தேகக் கோப்பு என்றால் பென்டிரைவில் கொண்டுபோய், வைஃபையை அணைத்துவிட்டு, அங்கேதான் பிரிப்பேன். திருட வருகிறவனுக்கு அங்கே பாத்திரம் பண்டம்கூட இல்லை.

பதினாறடிமானம்

அக்கா சொல்வது சரி. ஆனால் பிரிப்பதற்கு முன் பட்டியலைப் பாருங்கள். எதையும் வெளியே எடுக்காமல் உள்ளே என்ன இருக்கிறது, ஒவ்வொன்றும் பிரித்தால் எவ்வளவு வரும் என்று மட்டும் பார்க்கலாம். 42 கிலோபைட் ஜிப் ஒன்று அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டே போனால் 4.5 பெட்டாபைட் ஆகும் என்பது பழைய குறும்பு. பட்டியலைப் பார்த்தவன் அந்தக் குழியில் விழ மாட்டான். பூட்டியிருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும், 7-ஜிப்பில் அதற்கென்றே ஒரு பத்தி உண்டு.

மல்லாரி

இரண்டு நாளாகக் காணோமே என்று நினைத்திருப்பீர்கள். அறுந்த துண்டை மறுபடி இறக்க நேரமாயிற்று. இப்போது அதுவும் 104,857,600. தொகுதி எண்ணைப் பார்த்ததில் அது மூன்றாவது.

வைரஸ்டோட்டலில் அந்தக் கடவுச்சொல் .எக்ஸ்இக்குச் சிவப்புச் சிவப்பாக வந்தது. அழித்துவிட்டேன், குப்பைத் தொட்டியிலிருந்தும்.

பேத்தியின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். பெயர்களை மாற்றி, இணையத்தைத் துண்டித்து, முதல் துண்டைத் திறந்து பட்டியலை மட்டும் பார்த்தேன். 31 எம்பி3, ஒரு குறிப்புக் கோப்பு, ஒரு படம். பிரித்தால் வரும் மொத்தம் 69.6 கோடி பைட், துண்டுகளின் மொத்தம் 69 கோடி. பூட்டு என்ற பத்தியில் 33 வரியிலும் கழித்தல் குறி. எனக்குப் புரிந்தது சரிதானா?

பதினாறடிமானம்

சரிதான். பூட்டே இல்லை. இல்லாத பூட்டுக்குச் சாவி விற்றிருக்கிறார்கள். அசல் தொகுப்பைச் செய்தவர் ரசிகராகத்தான் இருப்பார். அதை எடுத்து, பெயரையும் வாலையும் உரித்து, "கடவுச்சொல்" என்று ஒன்றைப் பக்கத்தில் வைத்து மறுபடி ஏற்றியவர் வேறு ஆள். வால் இல்லாத கோப்பு திறக்காது, திறக்காதவன் பூட்டியிருக்கிறது என்று நினைப்பான், நினைத்தவன் .எக்ஸ்இயைச் சொடுக்குவான்.

இனி "டெஸ்ட்" கொடுங்கள். ஏழு துண்டும் பழுதில்லாமல் பொருந்துகின்றனவா என்று சொல்லும். பழுதில்லை என்பதற்கும் தீங்கில்லை என்பதற்கும் தொடர்பு கிடையாது, அதையும் மனத்தில் வையுங்கள்.

தட்டச்சுக்காரி

பட்டியலில் ஒவ்வொரு வாலையும் கடைசி எழுத்து வரை பாருங்கள் ஐயா. "பாட்டு.எம்பி3.எக்ஸ்இ" என்று இருந்து, விண்டோஸ் தெரிந்த வாலை மறைத்துவிடுவதால் "பாட்டு.எம்பி3" என்று மட்டும் தெரியும். அந்த மறைப்பை முதலில் நீக்க வேண்டும். வலமிருந்து இடமாகத் திருப்பும் யூனிகோடு குறி ஒன்றை நடுவில் ஒளித்து, வாலைப் பெயரின் நடுவில் தெரியும்படி செய்வதும் உண்டு. "வகை" என்ற பத்தி என்ன சொல்கிறது என்று பாருங்கள், பெயரை நம்ப வேண்டாம்.

மல்லாரி

31க்கும் வகை, வால் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. முதல் நான்கு கோப்புகளை ஹெக்ஸ் எடிட்டரிலும் பார்த்துவிட்டேன், பழகிவிட்டது. டெஸ்ட் தேறியது. வெற்று உறை ஒன்றில் பிரித்தாயிற்று.

நேற்று இரவு இரண்டு மணி வரை கேட்டேன். தவில் சில இடங்களில் ஒலிவாங்கியை அடைத்துக்கொள்கிறது, நடுவில் ஐஸ் வண்டி மணி கேட்கிறது. இருக்கட்டும். ஒரு சந்தேகம் மட்டும். பதினேழாவது கோப்பின் பெயர் "தோடி ஆலாபனை". எனக்கு அது தன்யாசி ராகம் போலப் படுகிறது. நெருங்கிய உறவு என்பதால் என் காதையே நம்ப முடியவில்லை.

பழைய பிளாப்பி

ஏறும்போது ரிஷபம், தைவதம் ஆகிய சுரங்கள் வருகின்றனவா என்று மெதுவாக ஓட்டிக் கேளுங்கள். வராவிட்டால் தன்யாசி.

மல்லாரி

மூன்று முறை கேட்டேன். ஏறும்போது இரண்டும் இல்லை, இறங்கும்போதுதான் வருகின்றன. கோப்பின் பெயரை மாற்றிவிட்டேன்.